பதிலக்காவின் சார்பு எண்

துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்து விற்கும் அந்த நிறுவனத்துக்கு மனசாட்சி வந்தது ஒரு விழா மேடையில்தான். புது மாடலை அறிமுகம் செய்துவைத்த நிர்வாக இயக்குநர், "இதுல ரெண்டே பட்டன். பொம்பளைங்களுக்கே புரியற மாதிரி பண்ணியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். கைதட்டல் வரவில்லை. அடுத்த வாரம் கடைகளிலிருந்து மெஷின்கள்தான் திரும்பி வந்தன.

இயக்குநர்கள் அவசரமாகக் கூடி, தவறு எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். கண்டுபிடித்தும் விட்டார்கள். தவறு ஊழியர்களிடம் இருந்தது. அவர்களுடைய உள்மனத்தில் சார்பு மண்டிக் கிடக்கிறது. அதுதான் மெல்ல மெல்ல மாடி ஏறி, பாவம், இயக்குநரின் வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது. ஆகவே, கூட்டிப் பெருக்குகிறவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் உள்மனச் சார்பு களையும் பயிற்சி கட்டாயம் என்று ஆணை பிறந்தது. இயக்குநருக்கு மட்டும் விலக்கு. அவருக்கு நேரமில்லை. தவிர, அவருடையது உள்மனத்திலிருந்து வெளியே வந்துவிட்டபடியால் உள்ளே களைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சட்ட ஆலோசகர் விளக்கம் சொன்னார்.

ஆணையைப் படித்துவிட்டுப் பதிலக்கா சிரித்தாள். அவள் அந்த நிறுவனத்தில் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

பதிலக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். இரண்டாம் மாடியில், திரும்பி வந்த மெஷின்களைப் போட்டுவைக்கிற கிடங்குக்கு ஒட்டினாற்போல ஓர் அறை. ஈர ரப்பர் வாடை எந்நேரமும் அடிக்கும். அதுதான் புகார்ப் பிரிவு. வருகிற புகார்க் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவள் வேலை. எழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் குசும்பு உண்டு. தன்னுடைய காலுறைகளில் ஒன்றை மட்டும் மெஷின் தின்றுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். "மெஷினைத் திறந்து பார்த்தோம். காலுறை இல்லை. தயவுசெய்து உங்கள் வீட்டு நாயை ஒரு முறை விசாரிக்கவும்" என்று பதில் போட்டாள். அவர் விசாரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

ஆனால் பேச்சு வேறு. பேச்சு அவளுக்குத் தங்கும். சொல் தொண்டை வரைக்கும் நன்றாகத்தான் வரும். வந்து, கதவு திறக்கட்டும் என்று நிற்கிற விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றுவிடும். தள்ளத் தள்ள இன்னும் கெட்டியாக நிற்கும். அதனால் பிரிவுக்கு வருகிற ஃபோனையெல்லாம் பக்கத்து மேசைக்காரன்தான் எடுப்பான். அவனுக்குத் தேன்வாய் என்று பெயர். மெஷின் தீப்பிடித்துவிட்டது என்று யாராவது கத்தினால்கூட, "ரொம்ப சந்தோஷம் மேடம், உடனே பாக்கறோம்" என்பான்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தது பதிலக்காதான். நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. அந்தப் பதவிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். மேலாளர் எதிரே வந்தால் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போவார். பயிற்சி முடிந்ததும் நேர்காணல் என்று இப்போது அறிவிப்பு வந்திருந்தது. சார்பு போய்விட்டால் நமக்கு வேண்டியது தன்னால் வரும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் காதிலிருந்து வாய் வரைக்கும் வளைந்த ஒரு ஒலிவாங்கியோடு வந்தார். மெல்லிய குரல், கனிந்த பார்வை. ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்ல வருகிறவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரிக் கனிவு.

"சார்பு இல்லாத மனுஷனே கிடையாது" என்று ஆரம்பித்தார். "எனக்கு இல்லைன்னு யார் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. இருக்குன்னு ஒத்துக்கிட்டா குணமாக ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். குணமாயிட்டேன்னு சொன்னா மறுபடி பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். அதனால இந்தப் பயிற்சி முடியவே முடியாது. உங்க நிர்வாகத்துக்கிட்ட வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கேன்."

முதல் விதி: யாரிடமும் எந்த வித்தியாசத்தையும் கவனிக்கக் கூடாது. கவனித்தாலும் சொல்லக் கூடாது. சொன்னால் சிவப்பு அட்டை.

கிடங்குக்காரர் எழுந்தார். "சார், மாசமா இருக்கிற பொண்ணுக்கு எழுந்து சீட்டு குடுக்கலாங்களா?"

"அவங்க மாசமா இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"பாத்தா தெரியுதே சார்."

"பாத்தீங்க இல்ல? அங்கதான் ஆரம்பிக்குது" என்றார் பயிற்சியாளர். கிடங்குக்காரர் தலைகுனிந்து உட்கார்ந்தார். கணக்குப் பிரிவில் நிறைமாதமாக இருந்த பெண், கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லோரும் நன்றாகத் தேறி வந்தார்கள்.

பேசிக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்த பயிற்சியாளர், காலிக் கோப்பையைப் பார்க்காமலே பக்கவாட்டில் நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த ஆண்கள் மூன்று பேரைத் தாண்டி அது பதிலக்காவின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அவள் வாங்கிக் கீழே வைத்தாள். "ஆண், பெண் பேதம் பாக்கறது எவ்வளவு நுட்பமா நமக்குள்ள ஓடுதுன்னு நமக்கே தெரியறதில்ல" என்று அவர் தொடர்ந்தார்.

பிறகு மனம் திறக்கும் நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் எழுந்து தன்னுடைய சார்பைச் சொல்ல வேண்டும். முதலில் தயங்கினார்கள். மேலாளர் முன்னுதாரணமாக எழுந்து, "எனக்குக் குள்ளமா இருக்கிறவங்க சொல்றது காதுலயே ஏறாது" என்றார். கூடம் கைதட்டியது. ஆபீசில் இருந்த குள்ளமானவர்களும் கைதட்டினார்கள். அதன் பிறகு போட்டி வந்துவிட்டது. ஒருவர் வழுக்கையைப் பிடிக்காது என்றார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடி போட்டவர்களை நம்ப மாட்டேன் என்றார். வெறுப்பு ஒன்றும் கைவசம் இல்லாதவர்கள் முழித்தார்கள். கிடங்குக்காரர் ரொம்ப நேரம் யோசித்து, தனக்கு இடது கைப் பழக்கக்காரர்களைக் கண்டால் ஆகாது என்று சொல்லிவைத்தார். அவருடைய உதவியாளருக்கு இடது கைப் பழக்கம். அதுவரை அண்ணன் தம்பியாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், மத்தியானம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பயிற்சியாளர் அதைத் தூரத்திலிருந்து சுட்டிக்காட்டி, "பாருங்க, உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு" என்று பூரித்தார்.

பதிலக்காவின் முறை வந்தபோது, "எ... எ..." என்று அவள் ஆரம்பித்தாள். "எல்லாரையும் பிடிக்காதா?" என்று பயிற்சியாளர் அன்போடு எடுத்துக் கொடுத்தார். "எனக்குத் தெரியலை" என்றுதான் அவள் சொல்ல வந்தாள். அதற்குள் அவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மேல் பரிசோதனை. தட்டி வைத்து மறைத்த ஒரு மூலை, ஒரு திரை, ஒரு ஒலிவாங்கி. திரையில் படங்கள் வரும். படத்தைப் பார்த்ததும் 'நல்லது' அல்லது 'கெட்டது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என்ன சொல்கிறோம் என்பது முக்கியமில்லை. படம் வந்ததற்கும் குரல் வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்பதைத்தான் மெஷின் அளந்து, நூற்றுக்கு எவ்வளவு என்று சார்பு எண் போடும்.

"தயக்கம்தான் உள்மனம்" என்று பயிற்சியாளர் விளக்கினார். "உண்மை உடனே வந்துடும். சார்புதான் யோசிச்சு யோசிச்சு வரும். மெஷினை ஏமாத்த முடியாது."

தேன்வாய் உள்ளே போனான். நல்லது, நல்லது, நல்லது என்று பட்டாணி உருட்டினாற்போலச் சத்தம் கேட்டது. வெளியே வந்தான். சார்பு எண் ஒன்று. கூடம் ஆரவாரம் செய்தது.

பதிலக்கா போய் உட்கார்ந்தாள். ஒரு முதியவரின் படம் வந்தது. 'ந'வில் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. சாதாரணமாக ஒரு சொல் முரண்டு பிடித்தால் அவள் பக்கத்துச் சொல்லைக் கூப்பிட்டுக்கொள்வாள். "அருமை" என்று சொல்லிப் பார்த்தாள். செல்லாத பதில் என்று மெஷின் கூவியது. மறுபடி 'ந'. முதியவர் போய்க் குழந்தை வந்தது. குழந்தை போய் ஒரு பெண், ஒரு ஆண், உயரமானவர், குட்டையானவர். பிறகு ஒரு நாற்காலி. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த படம் அது. நாற்காலியின் மேல் யாருக்கும் பகை இருக்க முடியாது. அதற்கும் அவள் கழுத்து நரம்பு புடைக்க நின்றாள்.

கடைசியில் படத்துக்குப் பதிலாக ஒரு காட்சி ஓடியது. திரையில் ஒரு மனிதன் தன் பெயரைச் சொல்ல முயன்று, முடியாமல், தங்கித் தங்கிப் பேசிக்கொண்டிருந்தான். பதிலக்கா பரிசோதனையை மறந்துவிட்டாள். அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். தான் பேசும்போது யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை என்பதால், குறுக்கே ஒரு சத்தமும் போடாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அவன் கடைசி எழுத்தைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். மெஷின் அந்த மரியாதையையும் சேர்த்து எண்ணிக்கொண்டது.

சார்பு எண் தொண்ணூற்றெட்டு.

மெஷினை அணைத்துப் போட்டுப் பரிசோதனையை மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை கூடமே தட்டியை விலக்கிவிட்டு வேடிக்கை பார்த்ததால் தொண்ணூற்றொன்பது வந்தது. பயிற்சியாளரின் கண்கள் கலங்கிவிட்டன. நகை வியாபாரிக்கு ஆற்றங்கரையில் வைரம் கிடைத்த மாதிரி ஒரு கலக்கம் அது.

"என் அனுபவத்துல இப்படி ஒரு மனசை நான் பாத்ததே இல்ல. ஆண், பெண், குழந்தை, வயசானவங்க... நாற்காலி! நாற்காலியைக்கூட இவங்க விட்டு வைக்கல!"

"எனக்குப் பே... பே..." என்றாள் பதிலக்கா.

"பேசவே பிடிக்கல. பாருங்க, இதுக்குப் பேர்தான் மறுப்பு நிலை."

அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். தேன்வாய்க்கு மனசு கேட்கவில்லை. எழுந்தான். "சார், அக்காவுக்கு வந்து..."

"வந்து?"

"பேச்சு கொஞ்சம்..."

பயிற்சியாளரின் விரல் மெல்ல மேலே எழுந்தது. இன்னொரு கை சட்டைப் பையிலிருந்த சிவப்பு அட்டையைத் தொட்டது. "நீங்க ஏதோ வித்தியாசத்தைக் கவனிச்சிருக்கீங்க போலிருக்கே?"

தேன்வாயின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல சார். நான் ஒண்ணும் கவனிக்கல."

"எவ்வளவு காலமா அவங்களோட வேலை பாக்கறீங்க?"

"பக்கத்து மேசைதான் சார். சேர்ந்த நாள்லேருந்து. ஒரு தடவைகூடக் கவனிச்சதில்ல."

"இவரைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படிக்கட்டில் தேன்வாய் ஓடி வந்து அவளைப் பிடித்தான். "அக்கா, மன்னிச்சிருங்க. நான் அந்தப் படத்தையெல்லாம் பாக்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு நல்லது நல்லதுன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சட்டென்று நிறுத்தினான். யாராவது பார்க்கிறார்களா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவளுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து பதிலக்காவுக்குச் சிகிச்சை. அடர்சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். காலையில் ஒவ்வொரு பிரிவாகப் போய், யார் யார் மேல் சார்பு காட்டினாளோ அவர்களிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்கிறேன் என்று சைகை காட்டினாள். எழுத்தில் மனம் தெரியாது என்று மறுத்துவிட்டார்கள். உயரமானவர்களை ஒரு வரிசையாகவும் குள்ளமானவர்களை ஒரு வரிசையாகவும் நிறுத்தினார்கள். 'மன்னிச்சிருங்க' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே அவள் நிற்க, வரிசையில் இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "மனசு இல்லாம சொல்றாங்க சார்" என்று உயரமானவர்கள் புகார் செய்தார்கள். குள்ளமானவர்கள் சொன்னதும் அதுதான். மேலாளர் காதில் அது ஏறவில்லை. ஆட்களெல்லாம் முடிந்த பிறகு நாற்காலி. காலியான கூடத்தில் ஒரு நாற்காலிக்கு எதிரே அவளை நிறுத்திவைத்து, தொலைவில் உட்கார்ந்து பயிற்சியாளர் குறிப்பு எழுதினார்.

வாரக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். முகம் பளிச்சென்று இருந்தது.

"உக்காருங்க. உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும். இத்தனை நாளா தலைவர் போஸ்ட் உங்களுக்கு ஏன் குடுக்கலன்னு நெனச்சிருப்பீங்க. பேச்சு சரியா வராததாலதான்னு நெனச்சிருப்பீங்க."

அவள் தலையாட்டினாள்.

"அதேதான்" என்றார் மேலாளர். "வேற காரணமே கிடையாது. எனக்கே உறுத்திக்கிட்டு இருந்தது தெரியுமா? இந்தக் காரணத்தை எப்படி வெளிய சொல்றதுன்னு தூக்கம் வரல. இப்ப நிம்மதி. சார்பு எண் பத்துக்குக் கீழ இருந்தாத்தான் நேர்காணல்னு விதி போட்டாச்சு. எவ்வளவு நியாயமா ஆயிடுச்சு பாருங்க! இனிமே எனக்கு உங்க மேல ஒரு சார்பும் இல்ல. மனசு லேசாயிடுச்சு."

"ஆனா இந்த ம... ம..."

"மகிழ்ச்சியா? எனக்கும்தான்" என்று சொல்லி அவர் மணியடித்தார்.

வீட்டில் கணவன் மெத்தைக் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் ஒருத்தன்தான் அவள் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பவன். கல்யாணமான புதிதில் அவனும் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள் அவள் தலையணையை விட்டு எறிந்த பிறகு கற்றுக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாற்காலி என்ன சொல்லிச்சு? மன்னிச்சிருச்சா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"விட்டுட்டு வந்துடேன்."

"வி... விட மாட்டேன். அந்த இ... இடம் என்னோடது."

ஆனால் விவகாரம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. பயிற்சியாளரின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: தங்கித் தங்கிப் பேசுகிறவர்கள்மேல்தான் இவருக்கு எல்லோரையும்விட அதிகச் சார்பு. அப்படிப்பட்டவர் எவராவது இதே நிறுவனத்தில் வேலை செய்தால் அவருடைய கதி என்ன? விசாரணைக் குழு உட்கார்ந்தது. மேலாளர் தலைவர், பயிற்சியாளர் உறுப்பினர், ஓரமாகச் சுருக்கெழுத்துக்காரர் ஒருவர்.

"நம்ம நிறுவனத்துல அந்த மாதிரி ஒருத்தர் இருக்கார்" என்று மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "யாருன்னு சொன்னா அது சார்பு. சொல்லாம விட்டா அலட்சியம். அதனால 'பாதிக்கப்பட்டவர்'னே வெச்சுக்கலாம். அந்தப் பாதிக்கப்பட்டவர் தினமும் இவங்களோட ஒரே அறையில உக்கார வேண்டியிருக்கு. நெனச்சாலே நெஞ்சு பதறுது."

பதிலக்கா எழுந்தாள். "அது நா... நா..."

"நாடகமா?" மேலாளர் மேசையைத் தட்டினார். "ஒருத்தரோட வேதனை உங்களுக்கு நாடகமாத் தெரியுதா?"

"பொறுங்க சார்" என்று பயிற்சியாளர் கையமர்த்தினார். அவர் குரலில் தேன் வடிந்தது. "அம்மா, ஒரே ஒரு கேள்வி. நிதானமா பதில் சொல்லுங்க. உங்க சார்பை நீங்க ஒத்துக்கறீங்களா?"

பதிலக்கா இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக வெளியே விட்டாள். அதிசயமாகச் சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நான் ஒத்துக்க..."

'மாட்டேன்' பாக்கி இருந்தது. நம்முடைய பேச்சில் மறுப்பு கடைசியில்தான் வரும். முதலில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியில்தான் இல்லை என்று சொல்ல முடியும். அவளுடைய உதடு இரண்டும் 'மா'வுக்காக ஒட்டின. ஒட்டியபடியே இருந்தன.

"ஒத்துக்கிட்டாங்க!" என்றார் பயிற்சியாளர். "எழுதிக்குங்க."

சுருக்கெழுத்துக்காரர் எழுதினார். 'மாட்டேன்' வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் எழுந்து நின்று அவளுடைய துணிச்சலைப் பாராட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே குற்றவாளி வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். பாதிக்கப்பட்டவரின் இருக்கை அப்படியே பாதுகாக்கப்படும். அவருக்கு நிறுவனத்தின் ஆழ்ந்த வருத்தமும் ஓய்வும் வழங்கப்படும்.

"உங்க உடம்பைப் பாத்துக்குங்க" என்று மேலாளர் அவளிடமே சொன்னார். அதைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொன்னாரா, குற்றவாளிக்குச் சொன்னாரா என்பது தெரியவில்லை.

வீட்டில் கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்ப நீ வேலையில இருக்கியா, இல்லியா?"

அவளுக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. ஃபோனில் பதில் சொல்கிறவன் சில நாள் கழித்துக் கூப்பிட்டான். தேன்வாய்தான். புகார்ப் பிரிவுத் தலைவர் பேசுகிறேன் என்று ஆரம்பித்தான்; பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? குற்றவாளியை நீக்கினதுக்காக நம்ம நிறுவனத்துக்கு விருது குடுக்கறாங்க. பத்திரிகைக்காரங்கல்லாம் வராங்க. இயக்குநரே பாதிக்கப்பட்டவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பூச்செண்டு குடுக்கப் போறார். ரெண்டு வார்த்தை பேசணும்னு ஆசைப்படறார். நீங்க வரணும்க்கா. ஆனா..." அவன் இழுத்தான். "நீங்க மட்டும் வரணும். அவங்களைக் கூட்டிட்டு வந்துடாதீங்க."

"எ... எவங்களை?"

"அதான்க்கா. குற்றவாளியை."

ஃபோனை வைத்துவிட்டுப் பதிலக்கா ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினாள். பிறகு கணவனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். மேடை, ஒலிவாங்கி, பத்திரிகைக்காரர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, கூட்டம் கலைந்தாலும் சரி, மேடையை விட்டு இறங்காமல் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தாள். "ரெண்டு பேரும் நான்தான்." அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். கணவன் வாயைத் திறக்காமல் கேட்டான். சில தடவை ஒரேயடியாக வந்தது. வந்தபோதெல்லாம் அவன் தொடையைத் தட்டிக்கொண்டான்.

விழா அன்று நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போனாள். வாசலில் புதுக் காவலர் நின்றார். பழையவருக்கு அவளைத் தெரியும். உள்ளே வருகிறவர்களை முகம் பார்த்து அடையாளம் காண்பதையே தொழிலாக வைத்திருந்தார் என்று பழையவரைச் சார்புக்காக அனுப்பிவிட்டார்கள். புதியவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவள் செருப்பைப் பார்த்துப் பணிவாகப் பேசினார்.

"வணக்கம்மா. எனக்கு ரெண்டு உத்தரவு. பாதிக்கப்பட்டவர் வந்தா உள்ள விடணும். குற்றவாளி வந்தா விடக் கூடாது. நீங்க யாரு?"

"பா..." என்றாள் பதிலக்கா. "பா..."

காவலர் காத்திருந்தார். பின்னால் விருந்தினர்களின் கார்கள் வந்து நின்றன. ஒன்று ஹார்ன் அடித்தது. பிறகு எல்லாம் சேர்ந்து அடித்தன.

"நான் எடுத்துக் குடுக்கக் கூடாதும்மா. அதுவும் சார்பாம். உங்க வாயாலயே சொல்லிடுங்க."

பழகி வைத்திருந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. "ரெண்டு பேரும்..." என்று பிடித்தாள்.

"ரெண்டு பேர் வந்திருக்கீங்களா? ஒருத்தருக்குத்தாம்மா அனுமதி."

மறுபடி 'பா'. உதடு ஒட்டியது, கழுத்து இறுகியது, கண்ணில் நீர் முட்டியது. ஒரு ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, உள்ள போறியா, வழி விடறியா?" என்று கத்தினார். ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. வாயைத் திறந்தாள்.

"குற்றவாளி."

ஓர் எழுத்துகூடத் தங்கவில்லை. அவளே திடுக்கிட்டுப் போனாள்.

காவலர் நிம்மதியாக மூச்சு விட்டார். "ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல" என்று சொல்லி, அவளை ஓரமாக நிற்க வைத்துவிட்டுக் கார்களை உள்ளே விட்டார். பிறகு கேட்டைச் சாத்தினார்.

உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது. இயக்குநர் வரவேற்றார், மேலாளர் நெகிழ்ந்தார், பயிற்சியாளர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதை அறிவித்தார். பிறகு மேலாளரின் குரல் வந்தது: "பாதிக்கப்பட்டவரால் உணர்ச்சிப்பெருக்கின் காரணமாக வர இயலவில்லை. அவர் சார்பில் புகார்ப் பிரிவுத் தலைவர் இப்போது பேசுவார்."

தேன்வாய் பேசினான். தான் பட்ட வேதனையைச் சொன்னான். வாய் திறக்க முடியாமல் தவித்த நாட்களைச் சொன்னான். தன்னைக் காப்பாற்றிய நிர்வாகத்துக்கு நன்றி சொன்னான். தன்னை நோகடித்த அந்தப் பெண்ணை மனசார மன்னித்துவிட்டதாகச் சொன்னபோது, அவன் குரல் தேவையான இடத்தில் உடைந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கேட்டுக்கு வெளியே நின்று பதிலக்கா முழுவதையும் கேட்டாள். நன்றாகத்தான் பேசினான். எங்கேயும் நிற்கவில்லை.